பெயருக்கு முன்னால் வருவது

எங்கள் தெருவில் மரியாதை என்பது வயதோடு சரி. நம்மை விட மூத்தவள் என்றால் நாங், மூத்தவன் என்றால் நோங். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு தாராளமாகச் சண்டை போடலாம். நான் நாங் டெசாங். இலோய்லோ நகரத்தில், ஹாரோ பிளாசா என்னும் சதுக்கத்துக்குப் பின்னால் வெள்ளம் முதலில் வந்து கடைசியில் வடியும் தெருவில், பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் கம்பி வலை. அதன் வழியாக முட்டையும் சோப்பும் வெளியே போகும், ஊர் விஷயம் உள்ளே வரும். நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மீதிச் சில்லறையை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தேடுவேன். அதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

லென்லென் சொன்னதும் அப்படித்தான். ஞானஸ்நானப் பெயர் ஜெரலின். அவ்ரிங்கின் ஒரே மகள். பள்ளிக்கூட வாசலில் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டி வறுத்து, குச்சியில் குத்தி விற்றே பெண்ணை சிவில் எஞ்சினியரிங் படிக்க வைத்தவள் அவ்ரிங். படித்தால் மட்டும் போதாது. அரசாங்கத் தேர்வில் தேறினால்தான் பெயருக்கு முன்னால் ‘எஞ்சினியர்’ வரும். தேறியவர் வீட்டு வாசலில் முகப்படத்தோடு பெரிய ஃபிளெக்ஸ் தொங்கும். அவ்ரிங் அதற்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்: என் கடைக் கூரைக்கும் எதிர் மின்கம்பத்துக்கும் நடுவே. லென்லென் தேறவில்லை. அந்தக் கயிற்றில் என் துணிதான் காய்ந்தது.

அப்புறம் ஓர் ஏஜெண்ட் வந்தான். துபாயில் ஹோட்டல் அறை துடைக்கும் வேலை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வான். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான்.

“ஒரே ஒரு கேள்விதான், நாங்,” என்றாள் லென்லென், கம்பி வலையில் நெற்றியை முட்டுக்கொடுத்து. “இன்னொரு தடவை எழுதட்டுமா, இல்ல துபாய்க்குப் போயிடட்டுமா? எங்க காலேஜ்ல படிச்சவளை எந்தக் கம்பெனியாவது சேர்த்துக்குமா? இந்தத் தொழில்ல இருக்கிற ஒருத்தர் சொன்னா போதும்.”

“என்னைக் கேளேன்.”

“நீங்க போனவங்களைப் பத்தித்தான் சொல்வீங்க. போனா என்ன ஆகும்னு சொல்ல மாட்டீங்க.”

உண்மைதான். சில்லறை தேடினேன்.

பிளாசாவில் அடகுக் கடைக்கு மேல்மாடியில் ‘ஒருங்கிணைந்த தொழில்வல்லுநர் வழிகாட்டு மன்றம்’ இருக்கிறது. ‘இளைஞர்களே, தயங்காமல் கேளுங்கள்’ என்று பலகை. அதன் கீழே மாடிப்படிக்கு இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. அந்த மன்றத்தின் தலைவர் பெர்ஃபெக்டோ லகுமென். நகரத்தில் பாதிப் பாலங்கள் அவர் கையெழுத்தில் நிற்பதாகச் சொல்வார்கள். எனக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் வளர்ந்தவன். பெயர் பிட்டோய். மழைநாளில் சாக்கடையில் வாழைமட்டைத் தோணி விடுவான். மத்தியானம் அவன் அம்மா வாசலில் நின்று, “பிட்டோய்! சோறு ஆறுது!” என்று கூவுவாள். தெரு முழுக்க அதைக் கேட்டுத்தான் அடுப்பை அணைக்கும். அப்புறம் எஞ்சினியர் ஆனான், தெருவை விட்டுப் போனார்.

லென்லென் அவருக்கு போனில் செய்தி அனுப்பினாள். ‘வணக்கம் சார் பெர்ஃபெக்டோ, ஒரு சிறிய ஆலோசனை வேண்டும்.’

பதில் வந்தது, மன்றத்தின் விளிமுறைக் குழுத் தலைவியிடமிருந்து. ‘சார் பெர்ஃபெக்டோ என்ற பெயரில் எங்கள் மன்றத்தில் எவரும் இல்லை. அப்படி ஒருவர் தங்களுக்கு ஆலோசனை வழங்கினால் அதற்கு மன்றம் பொறுப்பாகாது.’

‘எஞ்சினியர் லகுமென்’ என்று திருத்தி அனுப்பினாள். பதில்: ‘அன்னார் சட்டமும் படித்த அட்டர்னி ஆவார். தாங்கள் எஞ்சினியரை மட்டும் அழைத்திருப்பதால், அன்னாருக்குள் இருக்கும் அட்டர்னி தங்கள் செய்தியைத் திறக்க மறுக்கிறார்.’

‘எஞ்சினியர் அட்டர்னி லகுமென்’ என்று அனுப்பினாள். அதற்குள் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டது. ‘தாங்கள் விளித்திருப்பவர் போன வாரத்து மனிதர். இப்போதிருப்பவரை அணுக, மன்றத்தின் விளிமுறைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறவும்.’

“ஆளைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிடறதுக்குப் படிப்பா?” என்றேன்.

“கூட வாங்க நாங். தனியா போக ஒரு மாதிரி இருக்கு.”

கடையைச் சாத்திவிட்டுப் போனேன். அவளுக்குத் துணைக்குத்தான். வேறு எதற்கு?

மாடியில் நீளமான அறை. ஜன்னலெல்லாம் மூடி, ஏசி போட்டு, கோயில் நிலவறை மாதிரிக் குளிர். நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமும் மெத்தை வைத்த நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பட்டம் பொறித்த பித்தளைத் தகடு. ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். அவர்கள் உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது.

விளிமுறைக் குழுத் தலைவி சொக்கோரோ திவினகிராசியா மேடையில் ஏறினார். ஒரு பெண் “குட் மார்னிங் மேடம்” என்றது. அவர் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி நின்றது.

“மேடம்னா யாரு?” என்றார் அவர் மிக மென்மையாக. “துணிக்கடையில துணியைப் பிரிச்சுப் போடறவன்கூட என்னை மேடம்ங்கறான். நான் ஆர்க்கிடெக்ட். இதை யாரும் ஆணவம்னு நினைக்கக்கூடாது. ஆலோசனை இலவசம். பட்டம் இலவசம் இல்ல. ஆர்க்கிடெக்ட் ஆகறதுக்கு என் இளமையைக் குடுத்தேன். ஆன பிறகு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கட்டல. ஏன்? நேரம் எங்க இருக்கு? யார் தப்பாக் கூப்பிட்டாங்க, யார் திருத்திக்கிட்டாங்கன்னு பாக்கவே பொழுது சரியாப் போகுது. இதையெல்லாம் யாருக்காகச் செய்யறோம்? இளைஞர்களுக்காக! இதுவரைக்கும் தப்பாக் கூப்பிட்ட ஒருத்தர்கூட எங்க உறுப்பினர்களை நெருங்கினதில்ல. அவ்வளவு பாதுகாப்பு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “சரியாக் கூப்பிட்டவங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“அவங்களும் நெருங்கினதில்ல,” என்றார் ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா பெருமையோடு. “ஆனா அவங்க மரியாதையாக் காத்திருக்காங்க.”

என் பக்கத்தில் ஓர் ஆள் கடலை தின்றுகொண்டிருந்தார். “தம்பி, நீ என்ன கேக்க வந்தே?” என்று திரும்பியவள், தலை நரையைப் பார்த்துவிட்டு, “நீங்க என்ன கேக்க வந்தீங்க, நோங்?” என்று மாற்றினேன்.

“காலேஜ்ல என்ன படிக்கலாம்னு கேக்க வந்தேன், நாங்.”

“எப்போ?”

“அப்போ இந்த ஏசி இல்ல. காத்தாடிதான்.” கடலைத் தோலைச் சட்டைப் பையில் சேர்த்தார். “என் பையனே காலேஜ் முடிச்சிட்டான். ஆனா பாதியில விட்டுட்டுப் போனா மரியாதையா இருக்காது பாருங்க.”

பயிற்சி என்பது நாற்காலிகளுக்கு வணக்கம் சொல்வது. எந்தத் தகட்டுக்கு எந்த அளவு குனிய வேண்டும், எந்தப் பட்டத்துக்குப் பின் மூச்சு விடலாம், எதற்கு விடக்கூடாது, எல்லாம் உண்டு. லென்லென் முறை வந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலியின் முன் தயங்கி நின்றாள்.

“இவரு... இறந்துட்டாரே, மேடம். என் ஃபிரெண்டோட தாத்தா.”

“ஆர்க்கிடெக்ட்.”

“இறந்துட்டாரே, ஆர்க்கிடெக்ட்.”

“அதுக்கென்ன? ஆள் போகலாம். பட்டம் எங்க போகும்? இங்கதான் உக்காந்திருக்கு. சொல்லு.”

லென்லென் குனிந்து முழுப் பட்டத்தையும் சொன்னாள். அந்த மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. யாரோ வெகுநேரமாக உட்கார்ந்திருக்கும்போது அமுங்குமே, அப்படி. அவள் சொல்லி முடித்ததும் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

“பாத்தீங்களா? ஏத்துக்கிட்டார்,” என்றார் ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா. சுவரோரம் நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கழுத்துப் பின்னால் முடி எழுந்தது. ஏசியாக இருக்கலாம். நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. நேர்காணலுக்கு நாளும் கிடைத்தது, அந்த வெள்ளிக்கிழமையே, மத்தியானம். ஏஜெண்ட் வருவது சாயங்காலம். “நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்கு நாங், போதும்!” என்று லென்லென் என் கடையில் மிட்டாய் வாங்கித் தெருவுக்கே கொடுத்தாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் எஞ்சினியர் அட்டர்னி டாக்டர் பெர்ஃபெக்டோ லகுமென் செத்துப்போனார்.

ஒரு பேஸ்கெட்பால் மைதானத்துக்குத் திறப்புவிழா. தலைமை அவர். மைதானத்துக்கு இன்னும் கூரை போடவில்லை, நேரமோ நடுப்பகல். தலைவரின் பட்டங்கள் வாசிக்கப்படும்போது தலைவர் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா வாசித்தார். ‘கௌரவ’ என்று தொடங்கும் பகுதி வந்தபோது லகுமென் முன்பக்கமாகச் சாய்ந்தார். கூட்டம் அதை வணக்கம் என்று நினைத்துக் கை தட்டியது. அவர் தரையைத் தொட்ட பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. பாதியில் நிறுத்துவது அவமரியாதை அல்லவா? கடைசிப் பட்டம் வாசிக்கப்பட்டபோது அது ஏற்கெனவே ஒரு பிணத்துக்கு உரியதாக இருந்தது.

லென்லென் என் கடையிலிருந்துதான் மன்றத்துக்கு போன் செய்தாள். கேட்காமல் இருக்க முடியாத தூரத்தில் நான் இருந்தேன்.

“ஆர்க்கிடெக்ட், அவர் இறந்துட்டாரே. வேற யாரையாவது பாக்க முடியுமா?”

“நேர்காணலை ரத்து பண்ண மூணே காரணம்தான் உண்டும்மா. வெளிநாட்டுப் பயணம், வெள்ளம், அமைச்சர் வருகை. மரணம் அதுல இல்ல. சொன்ன நேரத்துக்கு வந்துடு. இடம் மட்டும் அவர் வீடு. வெள்ளை உடுத்திக்கோ.”

புதன்கிழமை மத்தியானம், வெயிலும் தூறலும் சேர்ந்து வந்த நேரம். கடை வாசலில் ஒரு நிழல். விழாவுக்குப் போடும் பாரோங் சட்டை, கழுத்துவரை பட்டன். வெளியே தூறுகிறது, சட்டை நனையவில்லை. முட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அவரைத் தாண்டிக் கையை நீட்டி, வாங்கிக்கொண்டு, “ஏன் நாங் இன்னைக்கு இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?” என்று முழங்கையைத் தேய்த்தபடி போனாள்.

“என்ன வேணும்?” என்றேன்.

அவர் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ மைக்கைப் பிடித்துத் தன்னை அறிவிப்பதற்காகக் காத்திருக்கிறவர் பார்க்கும் பார்வை. அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. என் இரண்டு கண்ணில் ஒன்றில் புரை. மற்றது நன்றாகத் தெரியும்.

“பிட்டோய்,” என்றேன். “நீதானா?”

அவர் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறேன் என்று பின்னால் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. பிறகு மறுபடி என் தலைக்கு மேலே பார்த்தபடி நின்றார். வெகுநேரம் நின்றார். வெயில் தூறலை முழுக்க விழுங்கியபோது அவரும் இல்லை.

இந்த விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லென்லென்னோடு லகுமென் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மேசைமேல் சவப்பெட்டி, முகத்துக்கு மேல் கண்ணாடி. பின்னால் அவர் சிரிக்கும் படத்தோடு சுவரளவு ஃபிளெக்ஸ். பட்டங்களுக்கே இடம் போதாமல் பெயர் மேசைக்குப் பின்னால் மறைந்திருந்தது. சாவு வீடுகளில் வழக்கமாகச் சீட்டாடுவார்கள், சத்தம் இருக்கும். இங்கே சீட்டாடியவர்கள் சீட்டுப் போடும்போதுகூட, “தங்கள் முறை, அட்டர்னி,” “நன்றி, டாக்டர்,” என்று சொல்லிக்கொண்டார்கள். ஓர் ஆட்டம் நேற்றுத் தொடங்கியது, இன்னும் முடியவில்லையாம்.

லகுமென்னின் மனைவியை ஊரே ‘மிசிஸ் எஞ்சினியர்’ என்றுதான் கூப்பிடும். அவள் பெயர் எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலையில குளியலறையில தண்ணி கொட்டற சத்தம் கேக்குது,” என்றாள் தாழ்ந்த குரலில். “சாப்பாட்டு மேசையில அவர் நாற்காலி நகருது. பாதிரியார் வந்தார். ‘பெர்ஃபெக்டோ, அமைதியாகப் போ’ன்னு தண்ணி தெளிச்சார். சத்தம் நிக்கல. ‘எஞ்சினியர், போயிட்டு வாங்க’ன்னு நானும் சொல்லிப் பாத்தேன். கதவைத் திறந்துகிட்டு உள்ளே வர்ற சத்தம் கேட்டுது.”

“வீட்ல வேற பேரே சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?”

“கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை பேர் சொன்னேன். எந்த பெர்ஃபெக்டோன்னு கேட்டார்.” அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “பசங்ககூட எஞ்சினியர் அப்பான்னுதான் கூப்பிடுவாங்க.”

நேரம் வந்தது. பெட்டிக்கு முன்னால் மன்றம் ஒரு நாற்காலி போட்டு, மேசைக் கடிகாரமும் வைத்திருந்தது. ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா அறிவித்தார்: “நேர்காணல் தொடங்குகிறது. தூக்குவதற்கு முன் முடிக்க வேண்டும்.”

லென்லென் உட்கார்ந்தாள். கற்றது எதையும் விடவில்லை. மதிப்பிற்குரிய என்று தொடங்கி, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டு, விடக்கூடாத இடத்தில் அடக்கி, முகம் சிவக்கச் சொல்லிக்கொண்டே போனாள். கௌரவப் பகுதியைத் தாண்டி, வாழ்நாள் பகுதியைத் தாண்டி, “அவர்களே” என்று முடித்தாள். வாயைத் திறந்து, “நான்...” என்றாள். கடிகாரம் அடித்தது.

“அருமையான நேர்காணல்,” என்றார் ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா. கண்ணில் ஈரம்கூட இருந்தது. “ஒரு தப்பும் இல்ல. உன் சான்றிதழ்ல இதைக் குறிப்பிட்டுத் தர்றேன். தூக்குங்கப்பா!”

லென்லென் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவ்ரிங் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்திருப்பாள், ஏஜெண்ட் வந்துகொண்டிருப்பான்.

ஆறு பேர் தூக்கினார்கள். பெட்டி எழவில்லை. எட்டுப் பேர் தூக்கினார்கள். மேசைதான் முனகியது. தூக்கியவர்கள் எல்லோரும் எஞ்சினியர்கள் என்பதால் உடனே ஒரு குழு அமைத்தார்கள். ஒருவர் பெட்டியின் எடையைக் கணக்கிட்டார், ஒருவர் தரையின் தாங்குதிறனைக் கணக்கிட்டார், மூன்றாமவர் முதலிருவரை விளித்ததில் வரிசை மாறிவிட்டதென்று வெளிநடப்பு செய்தார். “மரியாதை குறைஞ்சிருக்கும்,” என்று ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா பட்டங்களை மறுபடி வாசித்தார். ஒவ்வொரு பட்டத்துக்கும் மேசைக் கால் தரையில் இன்னும் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். மெழுகுவர்த்திகள் எரிந்தன. ஆனால் அந்த இடத்தில் சூடு இல்லை.

எங்கள் தெருவில் பெட்டி கிளம்பும்போது வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புவோம். போகிறவருக்குத் தன்னைத்தான் அனுப்புகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

“வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க,” என்றேன்.

“இந்த மாதிரி நேரத்தில் செல்லப் பெயரா?” என்றார் ஆர்க்கிடெக்ட் திவினகிராசியா. “மன்றத் தலைவருக்கு வீட்டுப் பெயர் கிடையாது.”

மிசிஸ் எஞ்சினியர் என்னைப் பார்த்தாள். “இருந்துதா?” என்று கேட்டாள். கணவனோடு அத்தனை காலம் வாழ்ந்தவள் கேட்கிற கேள்வியா அது!

பேர் மட்டும் சொன்னால் போதாது என்பது எனக்குப் புதன்கிழமையே தெரியும். நான் லென்லென் காதில் குனிந்தேன். “அவரோட அம்மா கூப்பிட்ட மாதிரிக் கூப்பிடுடி. பிட்டோய், சோறு ஆறுது. அப்படி.”

“நாங், விதியில...”

“உன் கேள்வி இருக்கா, இல்லையா?”

அவள் எழுந்தாள். கண்ணாடிமேல் இரு கைகளையும் வைத்தாள். பிறகு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, வாழைப்பழம் விற்கிறவள் மகள் கத்துகிற மாதிரிக் கத்தினாள்: “பிட்டோய்! சோறு ஆறுது!”

சீட்டாட்டம் நின்றது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

லென்லென் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து ஏதோ முணுமுணுத்தாள். கேட்டாள். தலையாட்டினாள். நான் எவ்வளவு கிட்டத்தில் போயும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

“தூக்குங்க,” என்றாள்.

நாலே பேர் தூக்கினார்கள். காலிப் பெட்டியைத் தூக்குவதாக நினைத்துவிட்டார்களோ என்னவோ, கொஞ்சம் வேகமாகவே தூக்கிவிட்டார்கள்.

வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன். “என்னடி சொன்னார்?”

“‘எழுது’ன்னார்.”

“அவ்வளவுதானா?”

“‘எழுது, வேலை இருக்கு’ன்னார். அப்புறம்...” அவள் மூச்சு வாங்கினாள். “‘இவ்வளவு வருஷத்துல கேள்வி வரைக்கும் யாருமே வந்ததில்ல’ன்னார். விடுங்க நாங், அம்மா பாஸ்போர்ட்டைக் குடுத்துடுவாங்க!”

ஓடினாள்.

“ஏய், சாவு வீட்லேர்ந்து நேரா வீட்டுக்குப் போகாதே!” என்று கத்தினேன். “வழியில பட்சோய்க் கடையில ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போ! கூட வர்றது அங்கேயே நின்னுக்கும்!”

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. ஒருவாய் நூடுல்ஸ் சூப் குடித்தால் போதும், ஒரு கடை வாசலில் செருப்பைத் தட்டினால்கூடப் போதும். அவளுக்கும் தெரியும். ஆனால் ஏஜெண்ட்டின் மோட்டார் சைக்கிள் எங்கள் தெரு முனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டாள். நிற்கவில்லை. நானும் பின்னாலேயே தெரு வரை வந்துவிட்டேன். அவள் நேராக வீட்டுக்குள் ஓடி, அம்மா கையிலிருந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் உள்ளே போன பிறகு கதவு சாத்திக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது. பின்னால் இன்னொருவர் நிதானமாக நுழைவதற்கு விட்டாற்போல.

அந்த வருஷமே லென்லென் தேறினாள். நான் கயிற்றிலிருந்து துணியை எடுத்தேன், ஃபிளெக்ஸ் ஏறியது. ‘எஞ்சினியர் ஜெரலின் பன்சாலன்’. தெருவில் பன்றி வறுத்தார்கள். அவ்ரிங் அழுதாள், நானும் அழுதேன். நல்ல வேலை கிடைத்தது, வீட்டுக்கு மாடி வந்தது. அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் கவனித்தது கடையில்தான். சோப்பு வாங்க வந்தவள் ஒன்றும் கேட்காமல் நின்றாள். என் தலைக்கு மேலே பார்த்தாள்.

“என்ன லென்லென், வாயில கொழுக்கட்டையா?” என்றேன்.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறேன் என்று.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். மறுபடியும் பின்னால் பார்த்தாள். பொறுமையாக, மரியாதையாக, அந்த லென்லென் வந்து தன் சாமானை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று வழி விட்டு நின்றாள். வெளியே நல்ல வெயில். வலையைப் பிடித்திருந்த என் விரல்கள் விறைத்தன.

“எஞ்சினியர்,” என்றேன் கடைசியில்.

“குட் மார்னிங்,” என்று சிரித்தாள். “ஒரு சோப்பு.”

இப்போது அவள் மன்றத்தில் இருக்கிறாள். தலைவர் நாற்காலி காலியாகத்தான் இருந்ததாம், ஆனால் மெத்தை அமுங்கியே இருந்ததாம். அவள் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டதாம். ஆர்க்கிடெக்ட் திவினகிராசியாவே சொன்னார், இவ்வளவு துல்லியமான விளிமுறை உணர்வு ஓர் இளம்பெண்ணிடம் இருப்பது ஆச்சரியம் என்று. கடலை தின்ற அந்த நோங் இன்னும் சுவரோரம்தான் நிற்கிறார். பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேட்க வேண்டுமாம்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் என் கடை வாசலில் நின்று அழுதது. நர்ஸிங் படிக்கட்டுமா வேண்டாமா என்று யாரையாவது கேட்க வேண்டும், நம்ம தெரு அக்காதானே என்று ‘நாங் லென்லென்’ என்று போட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறது. பதிலை எனக்குக் காட்டியது. ‘அப்படி எவரும் எங்கள் மன்றத்தில் இல்லை.’

நேற்று மத்தியானம் நான் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்ரிங் தன் புது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே வாசலில் மகள் போனில் யாரையோ திருத்திக்கொண்டிருந்தாள். “லென்லென்!” என்றாள் அவ்ரிங். மகள் நிமிரவில்லை. “லென்லென்!” இன்னும் சத்தமாக. தெருவில் ஒரு நாய் நிமிர்ந்தது. அவ்ரிங் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீசில் பேசுகிற குரலில் சொன்னாள்:

“எஞ்சினியர், சோறு ஆறுது.”

மகள் உடனே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மிக அழகான சிரிப்பு. லகுமென் வீட்டு ஃபிளெக்ஸில் பார்த்தேனே, அதே சிரிப்பு.

அவ்ரிங்குக்கு வயதாகிறது. எனக்கும்தான், புரை இரண்டாவது கண்ணுக்கும் வந்துவிட்டது. அவ்ரிங் மகளுடைய பெட்டி கிளம்பும் நாளில் எங்களில் யாரும் இருக்கப்போவதில்லை. மன்றம் வரும். ஆர்க்கிடெக்ட் யாராவது வந்து வாசிப்பார்கள், பெட்டி எழாது. அப்போது அங்கே நிற்கிறவர்களில் ஒருவராவது இதைப் படித்தவராக இருக்கட்டும் என்றுதான் சொல்லி வைக்கிறேன். முன்னால் ஒன்றும் போட வேண்டாம். குனியவும் வேண்டாம். தெருவுக்கே கேட்கிற மாதிரி உரக்க, கொஞ்சம் கோபமாகக்கூட, இப்படிக் கூப்பிட வேண்டும்:

லென்லென்! சோறு ஆறுது!